ஹெல்மெட்டைக் கழற்றாத மெக்கானிக்

மேலூரிலிருந்து வந்த அந்தக் கம்ப்யூட்டர் மெக்கானிக் எங்கள் பள்ளி அலுவலகத்துக்குள் ஹெல்மெட்டோடுதான் நுழைந்தார். அதன் முகக்கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டுக்கொண்டார். அடர்ந்த புருவம், வியர்த்த மூக்கு. அவர் முகத்தில் நான் பார்த்தது அவ்வளவுதான்.

என் மேசையிலிருந்த புதுக் கம்ப்யூட்டரில் பிரிண்டர் மாட்டியிருந்தது. மற்ற மேசைகளின் பழைய கம்ப்யூட்டர்களிலிருந்து அதற்குப் பிரிண்ட் போகவில்லை. இரண்டு மாதமாக நான்தான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "பழைய விண்டோஸ் புதுசோட ஒத்துப்போகாது சிஸ்டர்" என்று தலைமையாசிரியையிடம் அடித்துச் சொல்லியிருந்தேன். எல்லாரும் பென்டிரைவோடு என் முன்னால் வந்து நிற்பது எனக்குப் பிடித்தும் இருந்தது.

மெக்கானிக் நின்றபடியே கீபோர்டைத் தட்டினார்.

"பழசு மேல தப்பில்லண்ணே. தெரியாத ஆள புதுசு உள்ள விடாது. பழசுல இருக்க அதே பேரு, அதே பாஸ்வேர்டுல இதுலயும் ஒரு யூசர் போட்டுட்டாப் போதும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தாண்ணே."

பத்தே நிமிடம். நான் இரண்டு மாதம் திணறிய வேலைக்கு அந்த மனிதர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

சிஸ்டர் வந்து, "என்னதான் கோளாறு?" என்று கேட்டார். மெக்கானிக் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"அண்ணே முக்காவாசி முடிச்சு வச்சிருந்தாரு சிஸ்டர். மிச்சத்தத்தான் நான் பார்த்தேன்."

கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஹெல்மெட்டுகளுக்குள் அந்தப் புருவத்தைத் தேடுகிறேன். அந்த ஒரு பொய்யை அவர் சொல்லாமல் போயிருந்தால், இன்றுவரை நிம்மதியாக அவரை வெறுத்துக்கொண்டிருப்பேன்.