பாஸ் ஆகும் வரை

படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் இன்னும் மோசம். மூன்று தலையணையைச் சுவரோரம் அடுக்கிச் சாய்ந்துதான் தூங்கினேன். யாராவது கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன், கேட்கவில்லை. கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போனதை மருமகள் பார்த்த பிறகுதான், உள்ளூரிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்த அந்த டாக்டரம்மா, பொறுமையாகப் படம் போட்டுக் காட்டினார். இதயத்தில் மேலே இரண்டு அறை, ரத்தம் வந்து சேர. கீழே இரண்டு அறை, வெளியே தள்ள. வலது கீழறை பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்குத் தள்ளினால் போதும், சுவர் மெல்லிசு. இடது கீழறை உடம்பு முழுக்கத் தள்ள வேண்டும், சுவர் தடிமன். நான் கவனிக்காமல் விட்ட ரத்தக் கொதிப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, என் இடது சுவர் முதலில் தடித்து, பிறகு தளர்ந்து விரிந்துவிட்டதாம்.

நான் அஞ்சாவதுதான் படித்தேன். ஆனால் பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங் பார்த்தவள். கழுத்துப்பட்டியை இழுத்துவிட்டால் பழையபடி சுருங்க வேண்டும், சுருங்காத பீஸைக் கழித்துப் போட வேண்டும். புரிந்துவிட்டது. சொல்ல வெட்கப்பட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன்.

நல்ல இதயமே ஒரு துடிப்புக்கு, உள்ளே இருக்கும் ரத்தத்தில் நூற்றுக்கு அறுபது பங்குதான் தள்ளுமாம். என்னுடையது முப்பத்திரண்டு. மகன் முகம் வாடிவிட்டது.

மகன் சொந்தமாகப் பனியன் யூனிட் வைத்திருக்கிறான். லேப் சோதனையில் துணி தோற்றால் துணியை மாற்றமாட்டான், லேபை மாற்றுவான். ஒரு துண்டு வெட்டி வேறு லேபுக்கு, அங்கும் தோற்றால் மூன்றாவதற்கு. எங்காவது பாஸ் ஆகும். அந்தத் தாள்தான் பனியன் வாங்கும் பையருக்குப் போகும். என்னிடம் துண்டு வெட்ட வழியில்லாததால் என்னையே அனுப்பினான்.

இரண்டாவது ஸ்கேனில் முப்பத்து நான்கு. மூன்றாவது இடத்துக்கு முன்னால் இரண்டு நாள் என்னை நடக்கவே விடவில்லை. அங்கே நாற்பத்தெட்டு வந்தது. ஆர்டர் கிடைத்த மாதிரி வீட்டில் சந்தோஷம். பார்க்க வந்த சம்பந்தி, அவர் பேரனின் கணக்கு மார்க்கை விட இது அதிகம் என்று பாராட்டினார். முதல் டாக்டர் எழுதிய மாத்திரைகள் பிரிக்காமலே பீரோவுக்குள் போயின.

ஒன்றுமில்லை என்று பெரிய டாக்டர் வாயாலும் சொல்ல வைக்க, மூன்றாவது ரிப்போர்ட்டோடு கோயம்புத்தூருக்குப் புறப்பட்டோம். வேலை நேரத்தை விசாரிக்க ஆடிட் வரும் நாளில் தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல, காரில் மகன் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

“மூச்சு வாங்குதான்னு கேட்டா, இல்லீங்கன்னு சொல்லீருங்கம்மா.”

எனக்கு இது பழக்கம்தான். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, எட்டு மணி நேரந்தானுங்க என்று எத்தனை ஆடிட்டர்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரே பதிலை மூன்று தடவை சொல்ல வைத்தான். பயம். அதனால் சரி என்றேன்.

பெரிய டாக்டர் தாளைப் பார்த்தார். மூச்சு வாங்குகிறதா என்றார். இல்லீங்க என்றேன். கால் வீங்குகிறதா என்றார். இல்லீங்க என்றேன். குனிந்து என் காலை அழுத்தினார். பள்ளம் அப்படியே நின்றது. நிமிர்ந்து கேட்டார்.

“எத்தனை தலகாணி வெச்சுத் தூங்கறீங்கம்மா?”

இந்தக் கேள்விக்கு மகன் பதில் சொல்லித்தரவில்லை.

“மூணுங்க.”

மகன் தரையைப் பார்த்தான். மற்ற ரிப்போர்ட் இருக்கிறதா என்று டாக்டர் கேட்டதும், மஞ்சப்பையிலிருந்து முதல் தாளை எடுத்து நீட்டினேன். கழித்த பீஸின் சீட்டைத் தூக்கி எறியாத பழக்கம் எனக்கு.

மாத்திரையை அன்றே ஆரம்பிக்கச் சொன்னார். உப்பைக் குறைக்கச் சொன்னார். திரும்பும்போது பல்லடம் தாண்டியதும் மகன் கேட்டான்.

“மூணு தலகாணின்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்கம்மா?”

“நீ கேக்கலியே கண்ணு.”

அன்று முதல் கேட்கிறான், ஒரு நாளைக்கு நாலு தடவை. எந்த ஆடிட்டரும் என்னை இப்படி நச்சரித்ததில்லை. இப்போது ஒரு தலையணை போதும்.