உச்சி வெயிலில் ஓடாத சோலார்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அதியமான்கோட்டையில் எங்கள் வீட்டு வராந்தாவில் நடந்தது இது. சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோலார் போடலாமா என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லாமல் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை.

நான் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எனக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும். சமையலறை டப்பாக்களில்கூடப் பெயர் எழுதி ஒட்டியிருப்பேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தினமும் டைரி எழுதுகிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவார். அதனால் மாடியில் சோலார் பேனல் போடும் வேலை முழுவதையும் நானே முன்னால் நின்று பார்த்தேன். பல இடங்களில் விசாரித்தேன், மானியத்துக்கு விண்ணப்பித்தேன், பேனல் எந்தத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதுவரை கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் மழை ஏமாற்றும். வெயில் ஏமாற்றியதே இல்லை. அதுவரை திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த அந்த வெயிலே எங்களுக்காக வேலை செய்ய ஆரம்பித்தது. கரண்ட் பில் சுருங்கியது. அடுப்பு மாதிரிக் கொதித்த மாடி அறை, மேலே பேனல் நிழல் விழுந்ததும் மதியம் படுக்கிற அளவுக்குத் தணிந்தது. ஹைவேயிலிருந்து வந்து படியும் புழுதியை அவ்வப்போது துடைத்துவிட்டால் போதும், வேறு வேலை இல்லை. இன்று எத்தனை யூனிட் என்று போனில் பார்த்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். பேனல் போட்ட அன்று தெரு முழுக்கக் கேசரி கொடுத்து, "இனிமே எங்க வூட்ல கரண்ட் போகுதுங்கற பேச்சே இல்லை" என்று சொல்லிவைத்தேன்.

சில நாளிலேயே ஒரு மத்தியானம் தெருவில் கரண்ட் போனது. எங்கள் வீட்டு ஃபேனும் நின்றது. பதறிப்போய் பேனல் போட்ட பையனுக்குப் போன் செய்தேன்.

"அது அப்படித்தானுங்க மேடம். வெளியில கரண்ட் போச்சுன்னா இதுவும் தானா ஆஃப் ஆயிக்கும். இல்லைன்னா கம்பத்துல ஏறி வேலை செய்யறவருக்கு உங்க வூட்டு கரண்ட்டு ஷாக் அடிச்சிருமில்லைங்களா? பேட்டரி வச்சுப் போட்டா தனியா ஓடும். நீங்கதான் பேட்டரி வேணாம்னுட்டீங்க."

எல்லாக் காகிதத்தையும் இரண்டு முறை படிக்கிற எனக்கு இது எப்படித் தப்பியது என்று தெரியவில்லை. தெரிந்த பிறகாவது தெருவில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய யூபிஎஸ் கிடந்தது. அதன் பேட்டரி ஏறக்குறைய செத்துப்போனது; ஒரு லைட்டைத் தாங்கும். அதை வராந்தா லைட்டுக்கு இணைத்துவிட்டேன். சாயங்காலங்களில் தெரு இருண்டு கிடக்கும்போது எங்கள் வராந்தா மட்டும் பளிச்சென்று இருக்கும். உள்ளே நான் விசிறிமட்டையோடு வியர்த்துக்கொண்டிருப்பேன்.

எதிர் வீட்டுப் பெண் என்னைவிடச் சின்னவள். ஹைவே ஓரத்தில் ஒரு டிபன் கடையில் காலை வேலைக்குப் போகிறாள். "உங்களுக்கென்னக்கா, கரண்ட்டு போனாலும் மகாராணியாட்ட இருக்கீங்க" என்பாள். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்புதான் நான் சொன்ன பொய்.

அவள் கணவர் கிரானைட் பாலிஷ் பட்டறையில் பல காலம் வேலை செய்தவர். கல்தூசு நுரையீரலைக் கெடுத்துவிட்டது. பகலில் பெரும்பாலான நேரம் மூக்கில் குழாயோடு, கரண்ட்டில் ஓடும் ஆக்ஸிஜன் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். மாதம் ஒரு சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட்டை நிறுத்துவார்கள். அந்த நாளில் மட்டும் விடியும் முன்பே மிஷினைத் தூக்கிக்கொண்டு அவரைப் பொம்மிடியில் உள்ள அவளுடைய அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவாள்.

அந்தச் சனிக்கிழமை அவர்கள் போகவில்லை. அது எனக்குத் தெரியாது. கரண்ட் நின்று கொஞ்ச நேரம் கழித்து வாசலில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. ஒரு கையால் மிஷினை இழுத்துக்கொண்டு, மறு கையால் கணவரைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இன்னிக்கு ஷட்டவுனுங்க. போன மாசம் பஸ்ஸுல பொம்மிடி போய்ட்டு வந்ததுக்கே இவரு ரெண்டு நாள் எந்திரிக்கல. நம்ம அக்கா வூட்லதான் சோலார் இருக்குதே, எதுக்கு அலையணும்னு விட்டுட்டேன். சாயந்திரம் வரைக்கும் ஓரமா உக்காந்துக்கறோம்."

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: இல்லை. அதைச் சொல்லியிருந்தால் உடனே வேறு வழி தேடியிருப்போம். நான் என்ன செய்தேன் தெரியுமா? மிஷினின் பிளக்கை வாங்கி, பழைய யூபிஎஸ்ஸில் சொருகினேன். கொஞ்ச நேரமாவது ஓடாதா, அதற்குள் கரண்ட் வந்துவிடாதா என்று ஒரு நப்பாசை.

மிஷின் உறுமிக்கொண்டு ஓட ஆரம்பித்தது. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல!" என்று அவள் கணவரின் முதுகைத் தடவினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மோர் கலக்க உள்ளே போனேன்.

டம்ளர் கைக்கு வருவதற்குள் யூபிஎஸ் கத்தியது. அதோடு சேர்ந்து மிஷினும் கத்திவிட்டு நின்றது.

"அக்கா, என்னாச்சு?"

"இரு, மேல போய்ப் பார்க்கறேன்" என்று மாடிக்கு ஓடினேன். எதைப் பார்க்கப் போனேன்? பேனல்களைப் பார்க்க முடியாதபடி கண் கூசியது. கால் வைக்க முடியாத அளவுக்குத் தளம் கொதித்தது. போனில் பார்த்தால் பூஜ்யம். இறங்கி வந்து, "ஏதோ பழுதாயிருக்கு போல" என்றேன்.

அவருடைய உதடு கறுத்திருந்தது. "வீட்ல அவசரத்துக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்குமே?" என்றேன்.

"தீர்ந்துபோச்சுக்கா. நீங்க இருக்கீங்களேன்னு ரொப்பி வெக்கல."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன்; ஹைவேயிலேயே இருந்ததால் சீக்கிரம் வந்தது. அது மட்டும்தான் அன்றைய அதிர்ஷ்டம். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் திரும்பியது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். நர்ஸ் அவளைப் பிடித்துச் சத்தம் போட்டார்: "ஷட்டவுன்னு தெரியுமில்ல? முன்னாடியே ஏற்பாடு பண்ண வேண்டாமா?"

அவள் என் பக்கம் கையைக் காட்டி, "ஏற்பாடெல்லாம் பண்ணித்தானுங்க சிஸ்டர் இருந்தேன். இந்த அக்கா வூட்டு சோலாரு இன்னிக்குன்னு பாத்து ரிப்பேராயிருச்சு. பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க?" என்றாள்.

நான் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். 

அன்று டைரியில் "சோலார் பழுது" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் சொன்ன பொய்யை இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன் என்று புரிந்தது. பேனாவை மூட முடியவில்லை. அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

அவர் வீடு திரும்பியதும் எதிர் வீட்டுக்குப் போனேன். அவள் ஊறிய உளுந்தைக் களைந்துகொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"அப்ப அந்த வராந்தா லைட்டு?"

"பழைய பேட்டரிம்மா."

உளுந்துப் பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, "இல்லைன்னு சொல்றதுக்கு உங்களுக்கு அவ்ளோ கஷ்டமாக்கா? நாங்க தினமும் ஊரெல்லாம் இல்லைன்னுதான் சொல்றோம்" என்றாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உள்ளேயிருந்து அவர் குரல் விட்டுவிட்டு வந்தது. "அந்தக் கொஞ்ச நேரம்... ஓடுச்சில்ல... அதுக்கு பில்லு... போட்டுராதீங்கக்கா." அவரே சிரிக்கப் போய் இருமினார். அவள் எழுந்து ஓடினாள். நான் வாசலில் நின்றேன்.

அடுத்த ஷட்டவுனுக்கு நானே கார் ஏற்பாடு செய்து, அவர்களைப் பொம்மிடியில் விட்டுவிட்டு வந்தேன். யூபிஎஸ்ஸைப் பழைய இரும்புக்குப் போட்டேன். கரண்ட் போனால் எங்கள் வராந்தாவும் தெருவோடு சேர்ந்து இருண்டது. ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தைச் சொன்னேன்.

போன வருடம் அவளே வந்தாள். நாள் முழுக்க மிஷின் ஓடுவதால் கரண்ட் பில் தாங்கவில்லை, அண்ணன் உதவுகிறேன் என்கிறார், நாங்களும் சோலார் போடலாமா என்று கேட்டாள். "கண்டிப்பாகப் போடு, நம்ம ஊர் வெயிலுக்கு அதைவிட நல்லது இல்லை" என்றேன். ஆனால் பேனல் போடும் பையனை அவள் எதிரிலேயே உட்கார வைத்து, கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் சொல்ல வைத்தேன். அவர்கள் பேட்டரியோடு போட்டார்கள்.

இப்போதெல்லாம் ஷட்டவுன் நாளில் என் வீட்டு ஃபேன் நின்றதும் எதிர் வீட்டிலிருந்து, "அக்கா, புழுங்கிட்டு உக்காந்திருக்காதீங்க, இங்க வாங்க" என்று குரல் வரும். போய் அவர்கள் ஃபேனுக்குக் கீழே உட்காருவேன். பக்கத்தில் மிஷின் சீராக ஓடிக்கொண்டிருக்கும். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவர்கள் இருவரும் அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. எனக்கு மட்டும் அந்த மிஷின் மூச்சு விடும் ஒவ்வொரு முறையும், அன்று நான் சொல்லாமல் விட்ட 'இல்லை' கேட்டுக்கொண்டே இருக்கிறது.