கதவு வைத்த டிவி

எதிர்வீட்டுக்காரரைப் பழிவாங்க டிவி வாங்கியிருக்கிறீர்களா? எங்கம்மா வாங்கினார். இன்று டிவி கடையில் யாரோ ஷட்டர் இழுத்த சத்தத்தில் அது மொத்தமும் ஞாபகம் வந்தது.

எழுபதுகளின் கடைசி, ஆவடி குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமை படத்துக்கு எதிர்வீட்டு சரோஜாக்கா வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தோம். தம்பி இருமிவிட்டான். அவ்வளவுதான், கிளைமாக்ஸில் அக்கா டிவிப் பெட்டியின் மரக்கதவை டர்ரென்று இழுத்துப் பூட்டினாள். "படம் முடிஞ்சிச்சு, ஊட்டுக்குப் போங்க!"

போனஸ் வந்ததும் அம்மா கடைக்காரரிடம் கேட்டது ஒன்றுதான்: "படம் எப்டியோ தெரியட்டும் நைனா, கதவு கீதா? பூட்டு கீதா?"

அக்காவின் டிவி ரிப்பேரான ஞாயிறு, அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா காபி கொடுத்து, கிளைமாக்ஸ் வரை உட்காரவைத்து, கதவை இழுத்துப் பூட்டினார். "முடிஞ்சிச்சுக்கா."

அக்கா மகன் இப்போது என் எதிர் ஃப்ளாட். அவன் டிவி ஐம்பத்தைந்து இஞ்ச். நான் அறுபத்தைந்துக்குக் கார்டு தேய்த்துவிட்டேன்.