மில் முதலாளி கொழும்புக்குப் போன கதை

"ஏளா, பொணத்தப் பத்திப் படிக்கவா ஒன்னய இம்புட்டு வருசமா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாவ?" என்று அடுத்த வீட்டிலிருந்து வந்த அத்தை ஒருநாள் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு நான் கையில் வைத்திருந்ததோ, அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி போட்ட துப்பறியும் நாவல்.

அதைவிடச் சுகமான பொருள் உலகத்தில் இருப்பதாக அன்று எனக்குத் தோன்றவில்லை, இன்றும் அப்படித்தான். உள்ளங்கை அகலம், மட்டமான தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து வாடகைப் புத்தகக் கடையிலிருந்து பல கை மாறி, முனையெல்லாம் சுருண்டு வந்து சேரும். வெளியே வாடைக்காற்று மணலை வாரி ஓலைத் தட்டியில் அடிக்க, உள்ளே சுவரில் சாய்ந்து பனங்கிழங்கைக் கடித்துக்கொண்டு, யாரோ ஒருவர் பங்களாவில் செத்துக் கிடப்பதைப் படிப்பதில் எவ்வளவு நிம்மதி! கொன்றது யார் என்று தவிக்கலாம். ஆனால் கடைசிப் பக்கத்துக்குள் தெரிந்தே தீரும். வேறு எதுவும் எனக்கு அந்த உறுதியைத் தந்ததில்லை.

இப்போது துறைமுகத்தில் காவலாளியாக இருக்கும் அப்பா, அப்போது கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பவர். எழுத்து தெரியாது, கதை என்றால் உயிர். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் அவருக்கு நான் சத்தமாக வாசிப்பேன். துப்பறிகிறவர் இருட்டில் மாடிப்படி ஏறினால் அப்பா தன்னையறியாமல் மூச்சை அடக்கிவிடுவார். சங்கு குளிக்கிறவர் தம் கட்டினால் லேசில் விடுவாரா? எப்போது விடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்து எனக்கு வரி தவறிப்போகும்.

ஒரு நாவல் பாதியில் இருக்கும்போது சங்கு குளிப்பு தொடங்கியது. அம்மா தடை போட்டாள்.

"கடலுக்குப் போவுத மனுசன் இருக்க வீட்டுல சாவு, பொணம்னு ஒரு சொல்லு வரப்பிடாது. வந்துச்சு, பொஸ்தகம் அடுப்புக்குள்ள."

அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மில் முதலாளியைக் கொன்றது யாரென்று தெரியாமல் எப்படி இருப்பது? மறுநாள் ஒரு வழி கண்டேன். முதல் பக்கத்திலிருந்து மறுபடி தொடங்கி, சாவு வரும் இடமெல்லாம் கொழும்புப் பயணம் என்று மாற்றி வாசித்தேன். மில் முதலாளி தன் அறையில் கொழும்புக்குப் போய்க் கிடந்தார். அவரைக் கொழும்புக்கு அனுப்பிய கத்தியை இன்ஸ்பெக்டர் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

"ஏளா, முதுகுல குத்தியா கொழும்புக்கு அனுப்புனான்?" என்றார் அப்பா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"ஆமாப்பா. டிக்கெட்டு கெடயாது."

"சரி, வாசி. அனுப்புனவன் யாருன்னு பாப்பம்."

அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து, எதுவும் காதில் விழாததுபோல் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி அத்தியாயத்தில் முதலாளியின் தம்பி மாட்டிக்கொண்டான். "நா அப்பவே சொன்னம்லா!" என்று அப்பா தொடையைத் தட்டினார். அவர் அதுவரை சொல்லிவந்தது சமையல்காரனை. நான் புத்தகத்தை மூடியபோது சுளகின் சத்தம் நின்றது.

"ஏளா, அவரு பெஞ்சாதி என்ன ஆனா? போனவரு திரும்பி வந்தாரா?"

அம்மாதான் கேட்டாள். புரட்டிப் பார்த்தேன். அந்த மனைவி முதல் அத்தியாயத்தில் ஒரு வரி அழுதுவிட்டுக் காணாமல் போயிருந்தாள்.

"வந்துட்டாரும்மா. அடுத்த கப்பல்லயே வந்துட்டாரு."

அம்மா சுளகை ஒதுக்கிவிட்டு அப்பாவுக்குச் சோறு போட எழுந்தாள். விடியும்போது அவர் கடலில் இருக்க வேண்டும்.

தூக்குத் தண்டனை வரை போன கதையை ஒரே வார்த்தையில் புரட்டிவிட்ட என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டது மில் முதலாளியைப் பற்றி என்றுதான் நினைத்தேன்.

இந்த வருடம் நானே ஒரு துப்பறியும் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்திலேயே ஒருவர் உப்பளத்தில் செத்துக் கிடக்கிறார். இரண்டாம் அத்தியாயம் முழுவதும் அவருடைய மனைவிக்கு. அதை எழுதி முடித்துவிட்டேன்.