பாறையம்மாவுக்குக் குரல் கொடுத்தவள்

பச்சைத் தண்ணீரைக் கொடுத்தாலும் யூஜினா மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். கொட்டகலைக்கு மேலே இருக்கிற அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இது தெரியாத ஆளே கிடையாது. பிள்ளைக்காம்பராவில் பதினான்கு வருசமாக ஆயா வேலை பார்க்கிறாள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். அவர்கள் இறங்கி வருகிறவரை இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் கஞ்சி, குளிப்பு, தூக்கம், அழுகை எல்லாம் இவள் பொறுப்பு. சித்தப்பன் என்று சொல்லிக்கொண்டு எவனாவது பிள்ளையைக் கூட்டிப்போக வந்தால், அவன் உண்மையிலேயே சித்தப்பனாக இருந்தாலும் சரி, தாய் வந்து சொல்லாமல் விடமாட்டாள். அதனால் அவள்மேல் கோபப்பட்டவர்கள் உண்டு. அவர்களும் மறுநாள் காலையில் பிள்ளையைக் கொண்டுவந்து அவளிடம்தான் விட்டார்கள்.

இந்தச் சந்தேகம் பிறவியில் வந்ததல்ல. பதினாறு வயதில் கொழும்பில் ஒரு தமிழ் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். நல்ல வீடுதான், வயிறு காயவில்லை. விருந்தாளிகள் வந்தால் மட்டும் அந்த வீட்டு அம்மா இவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டு, "யூஜினா, உங்கட ஊரில எப்பிடிச் சொல்லுவீங்க, ஒருக்காச் சொல்லிக் காட்டு" என்பாள். இவள் "அங்கிட்டு", "இங்கிட்டு" என்று சொல்லிக் காட்டுவாள். கூடம் முழுக்கச் சிரிக்கும். முதல் இரண்டு தடவை தன்னை மெச்சுகிறார்கள் என்றே நினைத்தாள். பாவி மகள், கூடச் சேர்ந்து சிரித்தும் வைத்தாள். மூன்றாவது தடவை ஒரு விருந்தாளி "தோட்டக்காட்டுப் பேச்சு" என்று சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆறே மாதத்தில் அந்த வீட்டுக்காரர்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டாள். ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சை விடவில்லை, வெளியே போட்டுப் போகிற செருப்பைப் போல வைத்துக்கொண்டாள். அட்டன் டவுனுக்கு, வங்கிக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் அதுதான். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு வந்தால் தன் பேச்சு.

மகள் சுலக்ஷனாவுக்குப் பத்து வயது. அட்டனில் நல்ல பள்ளிக்கூடம் ஒன்றில் இடம் கிடைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது வகுப்பு டீச்சர், "டவுனிலதானே வீடு, பிறகேன் பிள்ளை பிந்தி வாறா?" என்று கேட்டார். யூஜினா மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள். "ஓம் டீச்சர், இனி வேளைக்கு அனுப்புறன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். டவுனில் வீடு என்பது மகள் சொல்லிவைத்த பொய். மகளை அடிக்கவும் மனம் வரவில்லை. இந்தப் பாடத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யாரென்று யூஜினாவுக்குத் தெரியாதா என்ன?

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை பதினொரு மணிக்குப் பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

அந்த நாட்களில் சாயங்காலம் ஐந்தரை ஆனால் லயத்தில் எல்லா டிவியிலும் 'பஞ்சுமலை' ஓடும். வெளிநாட்டில் வரைந்து, தமிழில் குரல் போட்ட பிள்ளைகள் தொடர். மேகத்துக்கு மேலே ஒரு நாடு, அங்கே ஓர் இளவரசி, அவளுக்கு மந்திரியாக ஒரு வெள்ளாடு. எல்லோரும் செய்தி வாசிக்கிறவர்களைப் போலப் பேசுவார்கள். பாறையம்மா ஒருத்திதான் பேசமாட்டாள். மலை உயரம் இருப்பாள், தோளெல்லாம் பாசி. வழி தவறிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் சேர்ப்பது அவள் வேலை. இத்தனை வருசத் தொடரில் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. இப்போது அதைப் பெரிய படமாக எடுத்திருந்தார்கள். படத்தில் பாறையம்மா முதல் தடவையாகப் பேசுகிறாள்.

வேனில் வந்த விஜிதரன் கொழும்பில் அந்தப் படத்துக்கு ஆள் பிடித்துத் தமிழ்க் குரல் போடவைக்கிறவன். பிள்ளைகள் ஓடிப் பிடித்துச் சிரிக்கிற சத்தத்தைப் பதிவு செய்யத்தான் தோட்டத்து அனுமதியோடு வந்திருந்தான். அவன் கருவியை எடுத்து வைப்பதற்குள் மழை இறங்கிவிட்டது. யூஜினா வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தாள்: "ஏ புள்ளைகளா, மழ வருதுல்ல, இங்கிட்டு வாங்க எல்லாம்." மலைச்சரிவு முழுக்கக் கேட்டது. விஜிதரன் மழையில் நனைந்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, பாறையம்மாவுக்கு உங்கட குரல்தான் வேணும்."

யூஜினா உடனே கொழும்புப் பேச்சுக்கு மாறிக்கொண்டாள். "ஏன், கொழும்பில குரல் இல்லையோ?"

அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். வேன் நம்பரைப் பிள்ளைகளின் எடை எழுதுகிற கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தாள். பிறகு விசாரணை ஆரம்பித்தது. அந்தப் பாறையம்மா படத்தில் வீடு கூட்டுகிறாளா? எதையாவது திருடுகிறாளா? யாராவது அவளை உதைக்கிறார்களா? இல்லை, இல்லை, இல்லை என்றான். அப்படியென்றால் எதற்குத் தோட்டத்து ஆளைத் தேடுகிறான்? இதில் என்னவோ இருக்கிறது.

வீட்டில் புருசன் சூசைரட்ணத்திடம் மட்டும் சொன்னாள். அவன் சிரித்தான். "பேசத்தானே கூப்பிடுறாங்க. நீ தெனமும் சும்மாவே பேசுற."

"ஒங்களுக்குத் தெரியாது, பேசாம இருங்க" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகலையில் ஓர் அறையை எடுத்து, சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி வைத்திருந்தான் விஜிதரன். அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போன யூஜினா மைக்குக்கு முன்னால் நின்று தன் பகுதியை வாசித்தாள். சுத்தமான கொழும்புத் தமிழ், ஒரு பிசிறு இல்லை. அவன் கையைப் பிசைந்தான்.

"இது இல்லையக்கா. அண்டைக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டீங்களே, அப்பிடி."

யூஜினா காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். இதைத்தான் எதிர்பார்த்திருந்தாள். "நான் கதைக்கிறது இருக்கட்டும். நான் கதைச்ச பிறகு மற்ற ஆக்கள் என்ன கதைக்கினம்? அந்தத் தாளைக் காட்டுங்கோ."

அவன் தயங்கித்தான் கொடுத்தான். அவள் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு போய், ஓரிடத்தில் நின்றாள். பாறையம்மா முதல் தடவை வாய் திறந்ததும் ஆட்டுமந்திரி கேட்கிறது: இதென்ன பேச்சா, கல்லை மெல்லுகிற சத்தமா? பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'எல்லோரும் சிரிக்கிறார்கள்'.

"இது?"

"அது சும்மா ஒரு பகிடி அக்கா. கடைசியில எல்லாரும் வெக்கப்பட்டு அவவிட்ட மன்னிப்புக் கேக்கினம்."

"எப்ப வெக்கப்படுவாங்க? படம் முடியிறப்பவா? அதுவரைக்கும் எம்மக அந்தச் சிரிப்பக் கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கணுமா? ஏற்கனவே அது லயத்துல இருக்கேன்னு வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு கெடக்கு. நீங்க வேற காசு போட்டு சிரிச்சுக் காட்டுறீங்களா?"

செருப்பு எப்போது கழன்றது என்று அவளுக்கே தெரியவில்லை. விஜிதரன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தான்.

"பேனாவால அடிச்சா ஆச்சா? கொழும்புல போயி திருப்பி எழுத மாட்டீங்கன்னு என்னா நிச்சயம்?"

"நிச்சயம் சொல்ல ஏலாதக்கா. மேல இருக்கிறவை ஒத்துக்கொள்ள வேணும். சண்டை பிடிச்சுப் பாக்கிறன்."

நிச்சயம் என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள். இல்லை என்று உண்மையைச் சொன்னதால், மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். எல்லாவற்றையும் பிள்ளைக்காம்பராவில் பேசுகிற மாதிரியே பேசிவிட்டு வந்தாள். வந்தவள் மகளிடம் மூச்சுவிடவில்லை. படத்தில் யாராவது சிரித்தாலும், சிரிப்பது தன் தாயைப் பார்த்து என்று மகளுக்குத் தெரியாமலே போகட்டும்.

நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அட்டனில் படம் போட்டார்கள். சுலக்ஷனாவின் வகுப்பும், இன்னும் நான்கைந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் மண்டபத்தை நிரப்பியிருந்தார்கள். சுலக்ஷனா தன் சிநேகிதி தனுஜாவோடு உட்கார்ந்திருந்தாள். யூஜினாவுக்கு அவர்களுக்கு நேர் பின்னால் இருந்த வரிசையில் இடம் கிடைத்தது. வகுப்பு டீச்சர் இரண்டு இடம் தள்ளி இருந்தார். யூஜினா படத்தைப் பார்க்கவே இல்லை. அந்த வெள்ளாட்டைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடம் வந்தது. பாறையம்மா குனிந்து, பாசி படிந்த தோளை இறக்கி, "ஏ புள்ளைகளா, மழையில நின்னுக்கிட்டு என்னா வேடிக்கை? இங்கிட்டு வாங்க, ஏறுங்க மேல" என்றாள். ஆடு வாயைத் திறந்தது. ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடிக்கொண்டது. வரியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

யூஜினாவுக்கு அப்பாடா என்று இருந்தது ஒரு நொடிதான். மண்டபம் தானாகவே சிரித்தது.

ஆடு சிரிக்கவில்லை, இளவரசி சிரிக்கவில்லை, அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். விஜிதரனைச் சந்தேகப்பட்டாள், ஆட்டைச் சந்தேகப்பட்டாள், இந்தப் பிள்ளைகளைச் சந்தேகப்பட மறந்துபோனாள். பாறையம்மா மறுபடி பேசினாள், மறுபடி சிரிப்பு. இது எந்தச் சிரிப்பு? கொழும்பு வீட்டுக் கூடத்துச் சிரிப்பைப் போலவும் இருந்தது, அப்படி இல்லாதது போலவும் இருந்தது. எத்தனை தரம் காதைக் கொடுத்தாலும் பிடிபடவில்லை. சுலக்ஷனா மட்டும் சிரிக்கவில்லை. முதுகு விறைத்து உட்கார்ந்திருந்தாள். பெற்ற தாயின் குரல் பிள்ளைக்குத் தெரியாமல் போகுமா?

எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடலாமா என்று யூஜினா பையை எடுத்தாள்.

அப்போது தனுஜா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அய்யோ, எங்கம்மா ஏசுற மாதிரியே இருக்கு."

சுலக்ஷனா வெடுக்கென்று திரும்பினாள். "ஒங்கம்மா மாதிரி ஒண்ணும் இல்ல. அது எங்கம்மா."

"பொய் சொல்லாத."

"பொய்யா? அம்மா, நீங்களே சொல்லுங்க."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் நாலைந்து தலைகள் திரும்பின. டீச்சரும் திரும்பினார். யூஜினா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், எதிலாவது கள்ளச் சிரிப்பு ஒளிந்திருக்கிறதா என்று. பையைத் திரும்பக் கீழே வைத்தாள்.

"ஆமா, நாந்தான். தலையத் திருப்பிக்கிட்டு படத்தப் பாருங்க ரெண்டு பேரும், இல்லாட்டி வந்து ஏசுவேன்."

தனுஜா வாயைப் பிளந்தாள். "அப்ப நீங்க டவுன்ல இல்லையா?"

"இல்ல, தோட்டத்துல. லயத்துல இருக்கோம்" என்றாள் சுலக்ஷனா. "பஸ்ஸுல வர முக்கா மணித்தியாலம் ஆகும்."