கண்ணாடிப் பெட்டியில ஒரு பிடிபட்ட கொடி

ஒரு பழைய பொருளுக்குப் பக்கத்துல நின்னு, வர்றவங்களுக்கு அதோட கதையைச் சொல்றதுதான் என் தொழில். இதே தொழில்ல இருக்கிற மத்தவங்களுக்குத் தெரியும்: பொருள் வாயைத் தொறக்காது, அதனால மாட்டிக்கிறது எப்பவும் நாமதான்.

சண்டையில பிடிபட்ட கொடின்னு சொன்ன உடனே நீங்க நிமிந்து உக்காந்துட்டீங்க. குதிரை வரும், பீரங்கி வெடிக்கும், சாகுற நேரத்துலயும் ஒருத்தன் கொடியை விடாம பிடிச்சிருப்பான்னு எதிர்பாக்குறீங்க. எல்லாம் வரும். குதிரைக்கும் பீரங்கிக்கும் சத்தம் கொடுக்கிறது நான். சாகுறவனும் நான்தான். பதினொரு வருஷமா நாளைக்கு ரெண்டு தடவை செத்துக்கிட்டு இருக்கேன், ஞாயித்துக்கிழமை மூணு. ஆனா கடைசியில பேசப்போறது நான் இல்ல, அதை இப்பவே சொல்லி வச்சிடுறேன்.

வேலை கெடைச்ச விதம்

பூனாகலைப் பக்கம் எங்க தோட்டத்துல, அந்தக் காலத்துத் தொரை பங்களாவை வெளிநாட்டுக்காரங்க தங்குற விடுதியா மாத்தினாங்க. முன் ஹோல்ல ஒரு கண்ணாடிப் பெட்டி. அதுக்குள்ள மங்கின மஞ்சள்ல, சிங்கம் போட்ட ஒரு கொடி. பழைய தொரை ஒருத்தரோட பாட்டன் பட்டாளத்துல இருந்தப்ப, எதிரிக்கிட்ட இருந்து பிடுங்கிட்டு வந்தது.

நான் அப்ப தேயிலை மலையில புல்லுக்கு மருந்தடிக்கிற கூட்டத்துல இருந்தேன். முதுகுல டாங்கி, வாயில எல்லாரோட குரலும். ஒரு நாள் காலையில, வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துல மேனேஜர் மாதிரி பேசிக் காட்டிக்கிட்டு இருந்தேன். எல்லாரும் சிரிச்சாங்க. திடீர்னு யாரும் சிரிக்கல. திரும்பிப் பாத்தா மேனேஜர். அவரு கோவப்படல. அடுத்த நாளே பங்களாவுக்குக் கூப்பிட்டு, கொடிக்குப் பக்கத்துல நிறுத்தி, நிதானமாச் சொன்னாரு: “இந்தக் கொடி இருக்கிற வரைக்கும் நீ இங்க இரு, ராசு. கொடி போன அன்னைக்கு டாங்கியைத் தூக்கிக்க.”

தேஞ்ச தகடு

பெட்டிக்கு அடியில ஒரு பித்தளைத் தகடு. அதுலதான் எந்தச் சண்டை, யாருகிட்ட பிடிச்சதுன்னு எழுதியிருந்துச்சாம். பங்களாவுல வேலை செஞ்சவங்க தலைமுறை தலைமுறையா தினமும் அதுக்குப் பொலிஷ் போட்டிருக்காங்க. அவ்வளவு சுத்தமான ஆளுங்க. ‘பிடிக்கப்பட்ட இடம்’னு இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை மிச்சம். அதுக்கப்புறம் ஒரு எழுத்து இல்ல, மொழுமொழுன்னு இருக்கு, அதுல பாத்துத் தலை சீவிக்கலாம்.

நான் வேலைக்கு வந்த அன்னைக்கு மேனேஜர் குனிஞ்சு உத்துப் பாத்தாரு. தோத்தது யாருன்னு தெரியலையேன்னேன். அவரு மூக்கைத் தொடச்சுக்கிட்டு, “இதுல என் மூஞ்சிதான் தெரியுது”ன்னாரு.

யாரு தோத்தாங்க

தகடு காலியா இருந்தது எனக்கு வசதியாப் போச்சு. நான் ஒரே ஒரு சட்டம் வச்சுக்கிட்டேன்: காசு கொடுத்துத் தங்குற விருந்தாளி எந்தச் சண்டையிலயும் தோக்கக்கூடாது. ஜெர்மன்காரங்க வந்தா தோத்தது பிரெஞ்சுக்காரன். பிரெஞ்சுக்காரங்க வந்தா ஜெர்மன்காரன். வெள்ளைக்காரத் தொரை பரம்பரை வந்தா ரெண்டு பேரும் தோத்தாங்க.

ஒரு தடவை ஜெர்மன் ஜோடியும் பிரெஞ்சு ஜோடியும் ஒண்ணா வந்து நின்னுட்டாங்க. நான் அசரல. தோத்தது ரஷ்யாக்காரன்னு போட்டேன். பனியில குதிரை சறுக்கி விழுற சத்தமெல்லாம் கொடுத்து முடிச்சேன். அப்பதான் தெரிஞ்சுது, அந்த ஜெர்மன்காரரோட சம்சாரம் ரஷ்யாவாம். அந்தம்மா ரொம்ப மரியாதையா, கையைக் கட்டிக்கிட்டுக் கேட்டாங்க: “இதுக்கு அடுத்த சண்டையிலயாவது நாங்க ஜெயிச்சோமா?”

தளபதி குரல்

பீரங்கிச் சத்தம் நான் எங்க தேயிலை ஸ்டோருல கொழுந்து உருட்டுற மெஷின்கிட்ட கத்துக்கிட்டது. குதிரைக்கு ரெண்டு சிரட்டை. தளபதி குரலுக்குத்தான் கஷ்டப்பட்டேன். ஒரு தளபதியையும் நான் கண்டதில்ல. கூட்டத்தை ஒரே குரல்ல முன்னுக்குத் தள்ளுற ஆளு யாருன்னு யோசிச்சு, பதுளை பஸ் கண்டக்டர் குரலை எடுத்துக்கிட்டேன். வார்த்தை இங்கிலீஷ், ராகம் கண்டக்டர். வெளிநாட்டுக்காரங்களுக்கு மயிர் கூச்செறியும்.

மொனராகலையில இருந்து ஒரு பெரியவர் குடும்பத்தோட வந்தாரு. கண்ணை மூடிக்கிட்டு முழுச் சண்டையையும் கேட்டாரு. ரசிக்கிறாருன்னு நெனச்சு இன்னும் ரெண்டு பேரைக் கொன்னேன். முடிஞ்சதும் தோள்ல கையைப் போட்டுத் தனியாக் கூட்டிட்டுப் போனாரு. “தம்பி, நான் முப்பது வருஷம் கண்டக்டர். உங்க தளபதி எந்த ரூட்டு?”

ரத்தக்கறை

கொடியில சிங்கத்து நெத்தியில ஒரு செவப்புப் பொட்டு, ஓரத்துலயும் அங்கங்க செவப்பு. நான் நெத்தியில இருக்கிறதைக் குண்டு பட்ட எடம்னும் ஓரத்துல இருக்கிறதைக் கொடி பிடிச்சவனோட ரத்தம்னும் சொல்லுவேன். அந்த எடத்துல குரலை எறக்கி ஒரு மூச்சு நிறுத்தினா, பத்துப் பேருல ரெண்டு பேரு கைக்குட்டையை எடுப்பாங்க.

பதுளை ஆஸ்பத்திரியில இருந்து ஒரு டொக்டர் லீவுக்கு வந்திருந்தாரு. அவரும் கைக்குட்டையை எடுத்தாரு, ஆனா கண்ணாடியைத் தொடைக்க. பெட்டிக்குள்ள கொஞ்ச நேரம் பாத்துட்டு, “இவ்வளவு காலம் கழிச்சும் ரத்தம் இந்தச் செவப்புல இருந்தா, எங்க வார்டுக்கு ரெண்டு பாட்டில் அனுப்புங்க”ன்னாரு.

பூ வைக்கிற வழக்கம்

பங்களாவைக் கூட்டித் தொடைக்கிறது புஷ்பம். தோட்டத்து ஆளுங்க வரிசையாக் குடியிருக்கிற லயத்துல எங்களுக்கு மூணு வீடு தள்ளி. அவ புருஷன் எங்க மாரியம்மன் கோயில்ல திருவிழாவுக்குக் கொடி கட்டுறவரு. புஷ்பம் தினமும் வேலை தொடங்குறதுக்கு முன்ன பெட்டி மேல ஒரு பூ வைப்பா. அலங்காரம்னு நெனச்சேன். விருந்தாளிங்ககிட்ட, செத்த எதிரிக்கும் பூ வைக்கிறது எங்க தோட்டத்து வழக்கம்னு சொல்லிட்டேன். ஒரு சுவிஸ்காரர் அதை நோட்டுல எழுதிக்கிட்டாரு.

லயத்து ஆளுங்க பங்களாவுக்கு ஏதாவது சாமான் கொண்டுவந்தா, ஹோலைக் கடக்கிறப்ப செருப்பைக் கழட்டிட்டு, கன்னத்துல போட்டுக்கிட்டுப் போவாங்க. என் நடிப்புக்கு அவ்வளவு மரியாதை. ஒரு நாள் பழைய கங்காணி ஒருத்தர் பெட்டி முன்னால அப்படியே நின்னுட்டாரு. அவருக்காகவே குதிரையில இருந்து தொடங்கினேன். அவரு திரும்பிக்கூடப் பாக்கல. “நீ பாட்டுக்குப் பேசு ராசு, நான் பாட்டுக்குக் கும்பிட்டுக்கிறேன்.”

தோக்க வந்த அம்மா

போன வாரம் தோட்டத்துல திருவிழாவுக்குக் கொடி ஏறின அன்னைக்கு, ஒரு வயசான வெள்ளைக்கார அம்மா தனியா வந்து எறங்கினாங்க. எந்த நாடுன்னு சொல்ல மாட்டேன், ஏற்கெனவே நொந்து போயிருக்காங்க. நம்ம கொடியை யாரோ மங்கலாப் படம் பிடிச்சு இன்டர்நெட்டுல போட, அதைப் பாத்துட்டு வந்தவங்க. அந்தச் சண்டையில கொடி பிடிச்சுக்கிட்டுப் போய்ச் செத்த பையன் அவங்க குடும்பமாம். சாகுறதுக்கு முன்ன அவன் வீட்டுக்கு எழுதின காகிதம் அவங்க கையில இருக்கு. அதுல கொடியையும் வரைஞ்சிருக்கான். சிங்கம் ரெண்டு காலுல நிக்குது, நாக்கை நீட்டிக்கிட்டு. கொடி மூலையில அவன் அக்கா நீல நூலால அவன் பேரைத் தைச்சிருக்காளாம். அந்தக் கொடியைக் கொண்டுபோய் அவங்க ஊரு சர்ச்சுல, அவன் பேரு வெட்டியிருக்கிற கல்லுக்கு மேல வைக்கணும். உடம்பு முடியுற வரைக்கும் தேடினேன், இனி முடியாதுன்னாங்க.

மேனேஜருக்குச் சந்தோஷம். பேப்பர்காரங்களைக் கூப்பிட்டு, படம் எடுத்து, கொடியைக் கொடுத்துடலாம்னாரு. எனக்கு முதுகுல டாங்கி ஏறின மாதிரி இருந்துச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் அந்தம்மாவைத் தனியா உக்கார வச்சு, என் வாழ்க்கையிலயே பெரிய சண்டையைப் போட்டேன். அவங்க நாடுதான் ஜெயிக்குது. பீரங்கி வெடிக்குது, எதிரி ஓடுறான், அவங்க பையன் கொடியோட நிமிந்து நிக்கிறான், சாகவே இல்ல. அதனால இது உங்க கொடியா இருக்க முடியாதும்மா, பாருங்க, உங்க சிங்கம் நிக்குது, இது நடக்குதுன்னேன். கண்டக்டர் குரல்கூட அன்னைக்கு நடுங்கிச்சு. அந்தம்மா கடைசி வரைக்கும் கேட்டாங்க. அப்புறம் என் கையைத் தட்டிக் கொடுத்தாங்க. “நீங்க நல்ல மனுஷன். ஆனா நாங்க தோத்துட்டோம்.”

பெட்டியைத் தொறந்தப்ப

கொடி ஏறின மூணாவது நாள் காலையில பெட்டியைத் தொறந்தாங்க. நான், மேனேஜர், அந்தம்மா. ஓரமா புஷ்பம் தரையைத் தொடைச்சுக்கிட்டு இருந்தா. கோயில்ல தப்பு அடிக்கிற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. கண்ணாடியைத் தூக்கின உடனே சூடம் வாசம். பூச்சிக்கு வச்சிருப்பாங்கன்னாரு மேனேஜர். அந்தம்மா மூலை மூலையாத் தடவிப் பாத்தாங்க. நீல நூல் இல்ல. ஒரு மூலையில மஞ்சள் கயிறு கொஞ்சமும், காஞ்ச வேப்பிலை ஒண்ணும் இருந்துச்சு.

மேனேஜர் விடல. நூல் அரிச்சிருக்கும், சிங்கமும் இத்தனை காலம் நின்னா நாலு காலையும் ஊனத்தான் செய்யும்னு சொல்லி, கொடியை மடிச்சு அந்தம்மா பக்கம் நீட்டினாரு. அந்தம்மா ரெண்டு கையையும் நீட்டிட்டாங்க. எனக்குச் சத்தம் எதுவும் வரல. குதிரை இல்ல, பீரங்கி இல்ல. என் சொந்தக் குரல்ல, அது எப்படி இருக்கும்னு எனக்கே மறந்து போயிருந்துச்சு, “அம்மா, இது உங்க கொடி இல்ல”ன்னு மட்டும் சொன்னேன். பொய்தான். வேற வழி தெரியல.

புஷ்பம் தொடைக்கிற கட்டையைச் செவத்துல சாத்தினா. “ராசண்ணே சொல்றது சரிதான் சார். இது எங்க மாரியம்மன் கொடி. அவங்க கொடி கோயில் கம்பத்துல பறக்குது.”

நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தின வருஷம் நடந்ததாம். பங்களாவை விடுதியாத் தொறக்கிறதுக்காக இந்தக் கொடியும், திருவிழாவுக்காகக் கோயில் கொடியும் ஒரே வாரத்துல டோபிக்குப் போயிருக்கு. ரெண்டும் மஞ்சள், ரெண்டுலயும் சிங்கம். அவரு மாத்திக் கொடுத்துட்டாரு. கம்பத்து உச்சிக்கு ஏத்தின பொறகுதான் கீழ நின்னவங்க கவனிச்சிருக்காங்க. ஏத்தின கொடியைத் திருவிழா முடியாம எறக்கக்கூடாது. அன்னைக்குச் சாயங்காலமே, ரெண்டு மாசமாப் பெய்யாத மழை பெஞ்சிருக்கு. மாரியம்மா இதைத்தான் ஏத்துக்கிட்டான்னு அதையே வருஷா வருஷம் கட்டுறாங்க. மூலையில நீல நூல்ல ஏதோ எழுத்து இருக்கு, அவ புருஷன் முடிச்சுப் போடுறப்பெல்லாம் பாத்திருக்காராம்.

நான் தட்டுத்தடுமாறி இங்கிலீஷ்ல சொல்லி முடிக்க, எல்லாரும் ஜன்னலுக்குப் போனோம். கீழ பள்ளத்துல, கம்பத்து உச்சியில, ஒரு சிங்கம் ரெண்டு காலுல நின்னுக்கிட்டு இருந்துச்சு. நாக்கையும் நீட்டிக்கிட்டு. அந்தம்மா ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அசையாம பாத்தாங்க. பதினொரு வருஷமா அந்தக் கம்பத்தைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்கு வந்தேன். அண்ணாந்து பாத்ததில்ல.

மேனேஜர் என்னைப் பாத்த பார்வையிலயே டாங்கி தெரிஞ்சுது. நான் புஷ்பத்துக்கிட்ட, இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா புள்ளன்னு கேட்டேன். அவ கட்டையைத் திரும்ப எடுத்துக்கிட்டா. “சொன்னா உங்களை மருந்தடிக்க அனுப்பிருவாங்கன்னு லயமே பேசி வச்சு வாயை மூடிக்கிட்டு இருந்தோம்ண்ணே. சாமி கொடியை பிளேன்ல ஏத்துறேன்னா எப்படிச் சும்மா இருக்கிறது?”

ஆக, பதினொரு வருஷமா நான் சொன்னதுல கொடி பிடிபட்டதுங்கிறது மட்டும்தான் நெசம், பிடிச்சு வச்சிருக்கிறவ மாரியம்மா, அவ எறக்கிக் கொடுக்க இன்னும் நாலு நாள் இருக்கு, அதுவரைக்கும் அந்தம்மா ரூமுல இருக்காங்க, நானும் வேலையில இருக்கேன்.