பாங்கு நிறுத்திய இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் வரும் என்று கல்முனையில் பாதிப் பேர் நம்புகிறார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்... போன செவ்வாய்க்கிழமை, மதியத் தொழுகைக்கு அழைக்கிற லுஹர் பாங்கு வரைக்கும்!

விஷயம் இதுதான். பாலமுனையில் கருவாடு போடும் பெண்களின் சங்கத்துக்கு, மழை நாளிலும் மீன் காயவைக்கிற மெஷின் ஒன்று வேண்டும். போன மாரி மழையில் காயப்போட்ட மீனெல்லாம் புழுத்துப்போனது. இந்த மாரியும் அப்படிப் போனால் சங்கத்தை இழுத்து மூடவேண்டியதுதான். உதவக்கூடிய ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் அதிகாரி நேரில் வருகிறார். அவருக்கு இங்கிலீஷில் பிரசன்டேஷன் செய்யவேண்டும்.

சங்கத்தின் செயலாளர் ரிஹானா என்னிடம் ஓடிவந்தார். எங்கள் பக்கத்தில் காக்கா என்றால் அண்ணன்; அவருக்கு நான் காக்கா. "எனக்கு ஓ.எல். சோதனைக்குப் படிச்ச இங்கிலீஷ்தான் காக்கா. நீங்க எழுதித் தாங்க, நான் பாடமாக்கிக் கதைக்கிறன்."

விடுவேனா? ஆறு பக்கம் எழுதினேன். எனக்கே அகராதி தேவைப்பட்ட சொற்கள்! தாளைப் பார்த்து வாசித்தால் மரியாதை இல்லை என்று அதை வீட்டில் வைத்துவிட்டு வரச்சொன்னதும் நான்தான். நல்லதும் புழுத்ததுமாகச் சாம்பிளுக்குக் கொண்டுவந்த கருவாட்டுப் பையை, "நாறும், மேசைக்குக் கீழ வைங்க தங்கச்சி" என்றதும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை மண்டபத்தில் அதிகாரிக்கு முன்னால் ரிஹானா பொரிந்து தள்ளினார். மூச்சுவிடாமல் நாலு பக்கம்! அதிகாரி குனிந்து எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தார். குறிப்பெடுக்கிறார் என்று பின்வரிசையில் நான் பூரித்துப்போனேன்.

அப்போது பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

பாங்கு சொல்லும்போது நம் ஊரில் யார் கதைப்பார்கள்? ரிஹானா பாதி வசனத்தில் நிறுத்தினார். மண்டபமே அமைதியானது.

பாங்கு முடிந்தது. ரிஹானா வாயைத் திறந்தார்... சத்தம் வரவில்லை. என்னைப் பார்த்தார். "காக்கா, ஒண்டும் ஞாபகம் வருகுதில்ல!"

எடுத்துக் கொடுக்கலாம் என்றால் தாள் அவர் வீட்டில்!

ரிஹானா சட்டென்று குனிந்து பையை எடுத்தார். ஒரு கருவாட்டைத் தூக்கிக் காட்டினார். "சன். குட் ஃபிஷ்." அடுத்தது, புழுத்தது. அதை அதிகாரியின் மூக்குக்குக் கிட்டவே கொண்டுபோனார். "ரெயின். பேட் ஃபிஷ். நோ வேர்க். மெஷின் கம், வீ வேர்க்!"

அதிகாரி விலுக்கென்று பின்னால் சாய்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். போச்சு... மெஷின் போச்சு!

கண்ணைத் திறந்தால், அந்த மனிதர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்! எத்தனை நாளில் காயும்? யாருக்கு விற்பீர்கள்? ரிஹானா இரண்டிரண்டு சொல்லில் பதில் சொல்கிறார். அவர் தலையாட்டித் தலையாட்டி எழுதுகிறார். எனக்கு நம்பவே முடியவில்லை. அப்படியானால் நான் மண்டையை உடைத்து எழுதியது யாருக்காக? எதிரில் இருந்தவருக்குப் புரியவா, பின்வரிசையில் இருந்த நம்மவர்கள் வாயைப் பிளக்கவா?

தேநீர் குடிக்கும்போது அதிகாரி என் கையைக் குலுக்கினார். மெஷினுக்குக் கட்டாயம் சிபாரிசு செய்வதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை என்றார். ரிஹானா சொன்னது அத்தனையும் விளங்கியதாம். ஒரேயொரு சந்தேகம்தானாம்...

"பாங்குக்கு முன்னால் அவர் கதைத்தது உங்கள் மொழிதானே?"

"யெஸ்" என்றேன். அன்று நான் உருப்படியாகக் கதைத்த இங்கிலீஷ் அதுதான்.